ஃபங்ஷன் தப்பாகப் பதில் சொன்னால் எங்கிருந்து தேடுவது

பெங்களூரில் தண்ணீர் லாரிக்காரர்களுக்குக் கணக்கும் பில்லும் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கணக்கில் பாதி, சர்வருக்கு உள்ளேயே நாங்கள் எழுதி வைத்த ஃபங்ஷன்களில்தான் (மதிப்புகளை வாங்கிப் பதில் தரும் சின்ன நிரல்கள்) ஓடுகிறது. ஒரு நடைக்கு எவ்வளவு கட்டணம், அந்த நடை எந்தத் தேதியில் சேரும், எந்த அபார்ட்மெண்ட் எவ்வளவு பாக்கி என்று எல்லாமே அங்கேதான். அதில் ஒன்று தப்பினால் மாசக் கடைசியில் ஒரு ஓட்டுநரின் சம்பளம் குறையும். அதனால் இது எனக்கு வெறும் கோடு விஷயம் இல்லை.

இத்தனை நாளில் நான் கற்றது இது: ஃபங்ஷன் பிழை என்றால் எல்லோரும் உள்ளே இருக்கும் வரிகளைத்தான் படிக்க ஆரம்பிக்கிறார்கள், ஆனால் பிழை பெரும்பாலும் வெளியே ஒட்டிய சீட்டில் இருக்கிறது. பெயர், வாங்கும் மதிப்புகளின் வகை, இம்யூட்டபிளா ஸ்டேபிளா (பதில் என்றைக்கும் மாறாததா, ஒரு கேள்வி ஓடி முடியும்வரை மட்டும் மாறாததா), ஸ்ட்ரிக்ட் போட்டதா (காலி மதிப்பு வந்தால் ஓடாமல் விடுவதா), எந்த ஸ்கீமாவில் (டேபிள்களையும் ஃபங்ஷன்களையும் பிரித்து வைக்கும் பெயருள்ள அறை) இருக்கிறது என்பவை அந்தச் சீட்டு. சர்வர் நம்புவது அதைத்தான். அதை முதலில் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. சோதிக்கும்போது எப்போதும் பிகின் போட்டுத் தொடங்கி, நடுவில் செய்ததை எல்லாம் இல்லை என்றாக்கும் ரோல்பேக் போட்டு முடியுங்கள். இது பழக்கமாகிவிட்டால் கீழே வரும் மூன்றாவது அறிகுறியில் உங்கள் வேலை போகாமல் காப்பாற்றப்படும்.

திருத்தினேன், ஆனாலும் பழைய பதில்தான் வருகிறது

பிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கட்டளை அடிக்கும் திரை) பேக்ஸ்லாஷ் டிஎஃப் (\df) அடித்து ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள். ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

எங்கள் கட்டண ஃபங்ஷன் லிட்டரையும் கிலோமீட்டரையும் இன்டிஜராக, அதாவது முழு எண்ணாக, வாங்கிக்கொண்டிருந்தது. நாலரை கிலோமீட்டர் என்று போட வசதி வேண்டும் என்றதும், தர்மபுரியிலிருந்து புதிதாக வந்த தம்பி தூரத்தை நியூமெரிக் (தசம எண்) என்று மாற்றி, 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' கொடுத்தான். சர்வரும் சரி என்றது. ஆனால் ரீப்ளேஸ் ஆகவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு ஃபங்ஷனின் அடையாளம் பெயர் மட்டும் இல்லை, அது வாங்கும் மதிப்புகளின் வகையும் சேர்ந்ததுதான், ஆகவே வகை மாறினால் பழையது அப்படியே இருக்கப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. 4.5 என்று கேட்டால் புதியது ஓடியது, 5 என்று முழு எண் கேட்டால் பழையது ஓடியது. "அண்ணா, பாதி பில் சரியா இருக்கு, பாதி தப்பா இருக்கு" என்று அவன் வந்து நின்றபோது எனக்கும் உடனே பிடிபடவில்லை.

தீர்வு எளிது. பழையதை அதன் வகைகளோடு பெயர் சொல்லி டிராப் செய்யுங்கள், அதாவது நீக்குங்கள். அதையும் புதியதை உருவாக்குவதையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு கட்டு) செய்தால் நடுவில் யாருக்கும் ஃபங்ஷன் இல்லாமல் போகாது.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு. பழைய ஃபங்ஷனுக்குப் பக்கத்தில், டீஃபால்ட் மதிப்போடு (கொடுக்காவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது) ஒரு கூடுதல் ஆர்க்யுமெண்ட் (ஃபங்ஷன் வாங்கும் மதிப்பு) சேர்த்து எழுதினால், பழைய மாதிரி கூப்பிடும்போது சர்வருக்கு எதை ஓட்டுவது என்று தெரியாமல் 42725 என்ற எரர் வரும். மருந்து அதேதான்.

பெயரும் வகையும் ஒன்றாக இருந்து ஸ்கீமா மட்டும் வேறாக இருந்தால் பேக்ஸ்லாஷ் டிஎஃப் ஏமாற்றிவிடலாம், ஏனென்றால் சர்ச் பாத்தில் (சர்வர் ஸ்கீமாக்களைத் தேடும் வரிசை) முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும், மறைந்ததை அது காட்டாது. பெயருக்கு முன் நட்சத்திரமும் புள்ளியும் போட்டுக் கேட்டால் எல்லா ஸ்கீமாவிலும் தேடிக் காட்டும்.

அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது

எரர் எண் 42883. ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது. நீங்கள் கொடுத்த மதிப்பின் வகையும் ஃபங்ஷன் கேட்கும் வகையும் பொருந்தவில்லை என்று அர்த்தம். நியூமெரிக் மதிப்பை இன்டிஜர் கேட்கும் இடத்தில் கொடுத்தால் சர்வர் தானாக மாற்றிக்கொள்ளாது, நீங்கள்தான் காஸ்ட் போட்டு வகையை மாற்றச் சொல்ல வேண்டும். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் பெரிய எழுத்தில் உருவாக்கியிருந்தாலும் இதே எரர்தான் வரும், ஏனென்றால் மேற்கோள் இல்லாமல் கூப்பிடும்போது போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடும்.

ஒரு பதிவைக் கேட்டால் எல்லாப் பதிவும் வருகிறது, அல்லது எல்லாம் அழிந்துவிட்டது

இந்த அறிகுறியைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

ஒரு நடையை ரத்துசெய்யும் ஃபங்ஷன் என்று வையுங்கள். வாங்கும் மதிப்புக்கு ஐடி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், டேபிளின் நெடுவரிசைக்கும் ஐடி என்றுதான் பெயர். உள்ளே 'ஐடி சமம் ஐடி' என்று எழுதுகிறீர்கள். உங்கள் மனசில் இடப்பக்கம் டேபிள், வலப்பக்கம் நீங்கள் கொடுத்த எண். சர்வருக்கு அப்படி ஒரு மனசு கிடையாது. டேபிள்களைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் மொழியிலேயே எழுதிய ஃபங்ஷனாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் இரண்டையும் டேபிளின் நெடுவரிசை என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் நேர்மாறாக இரண்டையும் நீங்கள் கொடுத்த வேரியபிள் என்று எடுத்துக்கொள்ளும். போகும் வழி வேறாக இருந்தாலும் சேருமிடம் ஒன்றுதான்: நிபந்தனை எல்லாப் பதிவுக்கும் உண்மையாகிவிடுகிறது, டெலீட் டேபிளையே துடைத்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸ்ஸின் இன்னொரு ஃபங்ஷன் மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதினால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 9.0 பதிப்பிலிருந்து இந்த மாதிரி இரட்டை அர்த்தம் வந்தால் 42702 என்று எரர் போட்டு நின்றுவிடுகிறது. அந்த எரர் தொல்லையாக இருக்கிறது என்று வேரியபிள் கான்ஃப்ளிக்ட் செட்டிங்கை மாற்றி வாயை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது உங்களைக் காப்பாற்ற வரும் எரர். நாங்கள் எல்லா ஆர்க்யுமெண்ட் பெயருக்கும் முன்னால் 'பி' எழுத்தும் அடிக்கோடும் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம், அப்படிப் போடாத ஃபங்ஷனை யாருடையதாக இருந்தாலும் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பதில் காலியாக வருகிறது

எரரும் இல்லை, பதிலும் இல்லை. சீட்டில் ஸ்ட்ரிக்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கொடுத்த மதிப்புகளில் ஒன்று 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக இருந்தாலே போதும், சர்வர் ஃபங்ஷனுக்குள் நுழையாமலே 'நல்' என்று சொல்லிவிடும். உள்ளே நீங்கள் எத்தனை ரெய்ஸ் நோட்டீஸ் (செய்தி காட்டும் வரி) போட்டிருந்தாலும் ஒன்றும் எட்டிப் பார்க்காது. நோட்டீஸ் வராததே இங்கே நல்ல துப்பு.

ஸ்ட்ரிக்ட் இல்லையென்றால் உள்ளே செலக்ட் இன்டூ (தேடி எடுத்ததை வேரியபிளில் போடும் கட்டளை) இருக்கும் இடங்களுக்குப் போங்கள். பதிவு கிடைக்காவிட்டால் வேரியபிளில் சத்தமில்லாமல் 'நல்' உட்கார்ந்துகொள்ளும், இரண்டு மூன்று கிடைத்தால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். இன்டூவுக்குப் பின் ஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் இரண்டு நிலைமையிலும் எரர் போடும். ஃபங்ஷன் சீட்டில் வரும் ஸ்ட்ரிக்ட் வேறு, இன்டூவில் வரும் ஸ்ட்ரிக்ட் வேறு. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை, அதனால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

அப்புறம், இரண்டு குழாய்க்குறி (||) போட்டு எழுத்துகளை ஒட்டும்போது ஒரு துண்டு 'நல்' என்றால் மொத்த வாக்கியமும் 'நல்' ஆகிவிடும். அதே வேலைக்கான கான்கேட் ஃபங்ஷன் அப்படிச் செய்யாது.

ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கு இரண்டு பதில்

2024 மார்ச்சில், தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, பெங்களூர் மாவட்ட நிர்வாகம் தனியார் லாரிகளுக்கு விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் 6000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1000 ரூபாய். அன்றைக்கே எங்கள் விலை டேபிளை மாற்றினோம். நான் பிஎஸ்கியூஎல்லில் கேட்டால் புதிய விலை, பில் போடும் திரையில் பழைய விலை. திரையிலும் எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். மக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாரத்தில், கூடுதல் விலை போட்ட பில் எங்களிடமிருந்து போய்க்கொண்டிருந்தது என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

கட்டண ஃபங்ஷன் உள்ளே போய் விலை டேபிளைப் படிக்கிறது. ஆனால் சீட்டில் இம்யூட்டபிள் என்று எழுதியிருந்தது. வேகமாக ஓடும் என்று யாரோ எப்போதோ போட்டது. இம்யூட்டபிள் என்றால், அதே மதிப்பைக் கொடுத்தால் என்றென்றைக்கும் அதே பதில்தான் என்று நீங்கள் சர்வருக்குக் கொடுக்கும் வாக்கு. சர்வர் அதைச் சரிபார்க்காது, நம்பிவிடும். பில் திரையின் குவெரியில் (சர்வரிடம் கேட்கும் கேள்வி) 6000, 5 என்று எண்கள் நேரடியாக எழுதப்பட்டிருந்ததால், அதை எப்படி ஓட்டுவது என்று சர்வர் திட்டம் போடும்போதே ஒரு தடவை ஃபங்ஷனை ஓட்டி, வந்த பதிலை அந்த இடத்தில் ஒட்டிவிட்டது. அந்தத் திட்டத்தைக் கையில் வைத்திருந்த பழைய கனெக்ஷன்கள் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருந்தன. நான் புதிதாகத் திறந்த கனெக்ஷனில் புதிய விலை வந்தது.

டேபிளைப் படிக்கும் ஃபங்ஷன் ஒருநாளும் இம்யூட்டபிள் ஆகாது. ஸ்டேபிள் என்று மாற்றுங்கள், பிறகு அப்ளிகேஷன் பிடித்து வைத்திருக்கும் கனெக்ஷன்களை எல்லாம் ஒருமுறை மூடித் திறங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் சர்வர் வாலட்டைல் என்று எடுத்துக்கொள்ளும், அது மெதுவாக இருக்கலாமே தவிரப் பொய் சொல்லாது.

அதைவிட மோசமானது, அப்படிப்பட்ட ஃபங்ஷன் மேல் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல்) கட்டியிருப்பது. இண்டெக்ஸில் பழைய விலை எழுதப்பட்டுக் கிடக்கும், இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் ஒரு பதில், டேபிளை முழுக்க வாசித்தால் வேறு பதில். அந்த இண்டெக்ஸை முதலில் நீக்குங்கள், பிறகு சீட்டை மாற்றுங்கள்.

நள்ளிரவுக்கும் விடிகாலை ஐந்தரைக்கும் இடையில் மட்டும் தப்பு

ஒயிட்ஃபீல்டு பக்கம் லாரிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் லோடு அடிக்கும், பகலில் அந்த ரோட்டில் வண்டி நகராது. ஓசூர்க்காரர் ஒரு ஓட்டுநர் நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். "அண்ணே, இன்னிக்குக் காலைல ரெண்டு மணிக்கு அடிச்ச லோடு நேத்து கணக்குல நிக்குது. மாசம் பொறந்த அன்னிக்கு அடிச்சா போன மாசத்துல போயிடுது." அவர் சொன்ன மணியைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சர்வர் யுடிசியில் ஓடுகிறது. இங்கே செவ்வாய் விடிகாலை 2 மணி என்றால் அங்கே திங்கள் இரவு 8.30.

நடை நாளைச் சொல்லும் ஃபங்ஷன் நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்பை நேராகத் தேதியாக மாற்றிக்கொண்டிருந்தது. அந்த மாற்றம் செஷனின் (ஒரு கனெக்ஷன் திறந்து மூடும்வரை) டைம்சோனைப் பொறுத்தது, அதனால் அது ஸ்டேபிள்தான். அதை அப்படியே இண்டெக்ஸில் போடப் பார்த்தால் இம்யூட்டபிளாக இருக்க வேண்டும் என்று சர்வர் மறுக்கும். மறுத்ததும் ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றி, இம்யூட்டபிள் என்று சீட்டு ஒட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். சர்வர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 'அட் டைம்சோன்' போட்டு ஆசியா/கொல்கத்தா என்று பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு தேதியாக மாற்றினால் செஷனைச் சார்ந்திருப்பது போய்விடும், அப்போது இம்யூட்டபிள் என்பது உண்மையாகவே பொருந்தும், இண்டெக்ஸும் கட்டலாம். ஃபங்ஷனைத் திருத்தியதோடு நிறுத்தாமல் பழைய இண்டெக்ஸை ரீஇண்டெக்ஸ் செய்து திரும்பக் கட்ட மறக்காதீர்கள், உள்ளே பழைய தேதிகள் இருக்கின்றன.

முதல் ஐந்து தடவை வேகம், ஆறாவது தடவை திணறல்

கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் எண்ணிப் பார்த்தால் அப்படியேதான் நடக்கும். பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு குவெரிக்கும், ஒரு செஷனில் முதல் ஐந்து தடவை சர்வர் நீங்கள் கொடுத்த மதிப்பைப் பார்த்துத் தனித் திட்டம் போடுகிறது. அதன் பிறகு, எல்லா மதிப்புக்கும் பொதுவான ஒரு திட்டம் அதிகச் செலவில்லாமல் முடியும் என்று அதற்குத் தோன்றினால், அதையே பிடித்துக்கொள்கிறது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை. எங்களிடம் தினமும் பல நடை வாங்கும் பெரிய அபார்ட்மெண்டும் உண்டு, கோடையில் மட்டும் நாலு நடை கேட்கும் வீடும் உண்டு. ஒருவருக்குச் சரியான திட்டம் இன்னொருவருக்கு ஆகாது.

சந்தேகம் இருந்தால் டிராக் ஃபங்ஷன்ஸ் செட்டிங்கை இயக்குங்கள், அது டீஃபால்ட்டாக அணைந்திருக்கும். பிறகு பிஜி_ஸ்டாட்_யூசர்_ஃபங்ஷன்ஸ் பார்வையில் மொத்த நேரம், சொந்த நேரம் என்று இரண்டு இருக்கும். மொத்தம் அதிகம், சொந்தம் குறைவு என்றால் குற்றவாளி இந்த ஃபங்ஷன் இல்லை, இது கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷன். உள்ளே எந்தக் குவெரி என்று பார்க்க ஆட்டோ எக்ஸ்ப்ளெயினை (ஓடும் குவெரிகளின் திட்டத்தை லாக்கில் எழுதுவது) ஏற்றி, நெஸ்டட் ஸ்டேட்மெண்ட்களையும், அதாவது ஃபங்ஷனுக்குள் ஓடுவதையும், லாக் செய்யச் சொல்லுங்கள், வெளியே இருந்து எக்ஸ்ப்ளெயின் போட்டால் உள்ளே நடப்பது தெரியவே தெரியாது. பொதுத் திட்டம்தான் காரணம் என்று உறுதியானால், 12 ஆம் பதிப்பிலிருந்து பிளான் கேச் மோட் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ஆல்டர் ஃபங்ஷன் கொண்டு அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் 'ஃபோர்ஸ் கஸ்டம் பிளான்' என்று வைத்துவிடலாம். சர்வர் முழுக்க வைக்காதீர்கள்.

இன்சர்ட் செய்கிறேன், எரர் இல்லை, பதிவும் இல்லை

சர்வர் 'இன்சர்ட் 0 0' என்று சொல்கிறதா? டேபிள் மேல் ஒரு பிஃபோர் டிரிகர் (பதிவு மாறும் முன் ஒரு ஃபங்ஷனைத் தானாக ஓட்டுவது) இருக்கும், அதன் ஃபங்ஷன் ஏதோ ஒரு கிளையில் 'நல்' ரிட்டர்ன் செய்கிறது. பிஃபோர் டிரிகரில் 'நல்' என்றால் இந்தப் பதிவை விட்டுவிடு என்று பொருள். டெலீட்டில் இது இன்னும் எளிதாக மாட்டும்: இன்சர்ட்டுக்கு எழுதியதைக் காப்பியடித்து ரிட்டர்ன் நியூ (புதிய பதிவைத் திருப்பிக் கொடு) என்று விட்டிருப்பீர்கள், டெலீட்டில் நியூ என்பதே 'நல்', எதுவும் அழியாது. அங்கே ரிட்டர்ன் ஓல்டு, அதாவது பழைய பதிவு என்று எழுத வேண்டும்.

டிரிகரும் சரியாக இருந்தால் வென் அதர்ஸ் என்று தேடுங்கள். அநேகமாக எந்தப் பிழையானாலும் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடும் எக்ஸெப்ஷன் பகுதி அது. பிழையைத் தீர்ப்பதற்குப் பதில் ஒளித்து வைக்கிறது, நான் அதை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுகிறேன். வைத்தே ஆக வேண்டும் என்றால் கெட் ஸ்டாக்டு டயக்னாஸ்டிக்ஸ் மூலம் எரர் எண்ணையும் கான்டெக்ஸ்ட்டையும் எடுத்து எழுதி வையுங்கள். கான்டெக்ஸ்ட்டில் வரும் வரி எண் உங்கள் ஃபைலின் வரி எண் இல்லை, ஃபங்ஷன் உடலின் வரி எண். பேக்ஸ்லாஷ் எஸ்எஃப் பிளஸ் (\sf+) போட்டால் அதே எண்களோடு காட்டும்.

சர்வரே விழுந்து எழுகிறது

சி மொழியில் எழுதிய ஃபங்ஷன் இருந்தால் மட்டும் இது. லாக்கில் சிக்னல் 11 (நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டதால் செத்தது) என்று இருக்கும், ஒருவர் கூப்பிட்டால் எல்லோருடைய கனெக்ஷனும் அறுந்துபோகும். முதலில் பார்க்க வேண்டியது, சீட்டில் ஸ்ட்ரிக்ட் இல்லாமல், கோடிலும் 'நல்' சோதனை இல்லாமல் இருக்கிறதா என்று. அடுத்தது டெக்ஸ்ட் மதிப்பை சாதாரண சி ஸ்ட்ரிங் போல வாசிக்கிறீர்களா என்று, அதன் முடிவில் பூஜ்யம் இருக்காது. திருத்திக் கம்பைல் செய்த பிறகு கனெக்ஷனை மூடித் திறந்துதான் சோதியுங்கள், பழைய செஷன் பழைய லைப்ரரியையே பிடித்திருக்கும்.

இங்கே ஓடுகிறது, பேக்கப்பிலிருந்து மீட்டால் ஓடவில்லை

இதை மாசம் ஒருமுறை சும்மாவாவது சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2018 மார்ச்சில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ்ஸின் பேக்கப் கருவி) எடுத்த கோப்பை ஏற்றும்போது சர்ச் பாத் காலியாக இருக்கும். எங்கள் நடை நாள் ஃபங்ஷன் உள்ளே இன்னொரு சின்ன ஃபங்ஷனை ஸ்கீமா பெயர் சொல்லாமல் கூப்பிட்டது. அன்றாடம் சர்ச் பாத் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை. மீட்கும்போது அந்த இண்டெக்ஸைக் கட்டும் இடத்தில் வந்து, அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று நின்றுவிட்டது. 17 ஆம் பதிப்பில் ரீஇண்டெக்ஸ், அனலைஸ் போன்ற பராமரிப்பு வேலைகளும் கட்டுப்படுத்தப்பட்ட சர்ச் பாத்தோடுதான் ஓடுகின்றன, அதனால் பதிப்பு உயர்த்திய மறுநாள் இதே எரர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உள்ளே கூப்பிடும் எல்லாவற்றுக்கும் ஸ்கீமா பெயரை எழுதுங்கள், அல்லது ஃபங்ஷன் சீட்டிலேயே சர்ச் பாத்தை செட் செய்யுங்கள். செக்யூரிட்டி டெஃபைனர் போட்ட (கூப்பிடுபவரின் அதிகாரத்தில் அல்லாமல் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடும்) ஃபங்ஷனுக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் வேறொருவர் அதே பெயரில் தன் ஃபங்ஷனை முன்னால் நுழைத்து உங்கள் அதிகாரத்தில் ஓட்டிவிடலாம். நான் ஸ்கீமா பெயரை எழுதும் வழியைத்தான் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து, புதிய டம்ப் எடுத்து, ஒரு காலி சர்வரில் முதலிலிருந்து ஏற்றினேன். கடைசி இண்டெக்ஸ் வரை நிற்காமல் ஏறியது.